சிக்கனத்தால் தூய்மையான அறுவை அரங்கு

கண்புரையை நீக்கிச் செயற்கை வில்லையைப் பொருத்தும் அறுவை, உலகில் மிகுதியாகச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்று என்பதாலும், பல நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே முறையில் நடைபெறுவது என்பதாலும், மருத்துவமனைகளால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டை ஒப்பிட்டு அளப்பதற்கு மிகவும் ஏற்றதாக உள்ளது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கார்டிஃப் நகர மருத்துவமனையில் இவ்வறுவை ஒன்றுக்குச் சுமார் 180 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வாயுக்கள் வெளியாவதாக 2013-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது; புவியைச் சூடாக்கும் பல்வேறு வாயுக்களின் விளைவையும் கரியமில வாயுவின் அளவாக மாற்றிக் கூட்டுவதே இக்கணக்கின் முறை. தமிழகத்தின் அரவிந்த் கண் மருத்துவமனைகளிலோ அதே அறுவைக்கு ஏறத்தாழ 6 கிலோ வாயுக்களும் கால் கிலோ கழிவும் மட்டுமே வெளியாவதாக 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கண்டறிந்தது. இரண்டு ஆய்வுகளின் கணக்கீட்டு முறைகளும் முற்றிலும் ஒத்தவை அல்ல என்பதைக் கருத்தில் கொண்டாலும், நிலக்கரி மின்சாரத்தைப் பெரிதும் நம்பியுள்ள நாட்டில் இத்துணைப் பெரிய வேறுபாடு எழுவது வியப்புக்குரியதே.

கார்டிஃப் கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு மின்சாரத்தால் வந்ததன்று. மருந்து, கருவி, உறை, விரிப்பு என வாங்கப்படும் பொருள்களை உற்பத்தி செய்வதிலேயே அது உண்டாயிற்று. அரவிந்தில் பெரும்பாலான கருவிகள், ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்த நீராவிக் கலத்தில் கிருமி நீக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன. சொட்டு மருந்துப் புட்டி ஒன்று பல நோயாளிகளுக்கு உதவுகிறது. மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் மேலங்கியை மாற்றுவதில்லை, கையுறையையும் கிருமிநாசினியால் தூய்மை செய்துகொண்டு தொடர்கிறார். ஒரே அரங்கில் அருகருகே இரு மேசைகள் இடப்பட்டு, ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் ஆயத்தப்படுத்தப்படுவதால், விளக்கும் குளிரூட்டியும் வெறுமனே இயங்கும் நேரம் மிகக் குறைவு. மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கியபோது புவி வெப்பமாதலைத் தடுப்பது நோக்கமாக இருக்கவில்லை. பணம் செலுத்த இயலாதவருக்கும் பார்வை தர வேண்டுமெனில் ஒவ்வொரு பொருளையும் எண்ணிச் செலவிட வேண்டும் என்ற தேவையே இம்முறையை உருவாக்கியது.

இதனால் தொற்று பெருகாதா என்பது நியாயமான வினா. அரவிந்தில் நடந்த சுமார் 6 லட்சம் கண்புரை அறுவைகளை ஆராய்ந்தபோது, அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தப்பட்டவர்களுள் 10,000 பேருக்கு 2 பேர் என்ற அளவிலேயே கண்ணின் உட்புறத்தில் கடுந்தொற்று காணப்பட்டது. இது வளர்ந்த நாடுகளின் அளவை விட மோசமானதன்று. ஆயினும் இம்முறையை அப்படியே குடல் அறுவைக்கோ இதய அறுவைக்கோ பொருத்திவிட முடியாது. கண்புரை அறுவை சில நிமிடங்களில் முடிவது. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்து நடைபெறுவது.

பேரறுவைகளில் முதலில் கவனிக்கத்தக்கது மயக்க வாயு. நோயாளி உள்ளிழுக்கும் மயக்க மருந்தில் மிகச் சிறு பகுதியே உடலில் மாற்றமடைகிறது. எஞ்சியது மூச்சோடு வெளிவந்து, அரங்கிலிருந்து குழாய் வழியே வானில் கலக்கிறது. டெஸ்ஃப்ளூரேன் என்ற மருந்தின் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 2,500 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு இணையாகப் புவியைச் சூடாக்குகிறது. அதே பணியைச் செய்யும் செவோஃப்ளூரேனுக்கு அம்மதிப்பு 200-க்குள்ளேயே அடங்கும். ஸ்காட்லாந்து 2023-இல் தன் அரசு மருத்துவமனைகளிலிருந்து டெஸ்ஃப்ளூரேனை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் மருத்துவக் காரணத்தால் வேறு வழியில்லாத நிலையில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என 2026 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியுள்ளது. மற்றொரு மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடின் கதை இன்னும் விந்தையானது: பிரிட்டன் மருத்துவமனைகள் பலவற்றில், வாங்கிய வாயுவின் பெரும்பகுதி நோயாளியை அடையும் முன்பே குழாய்க் கசிவில் வீணாகியிருந்தது தணிக்கையில் தெரியவந்தது. பொதுக் குழாயை அடைத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் சிறு சிலிண்டரை வைப்பதே அதற்குக் கண்ட தீர்வு.

அரங்கின் காற்றோட்டத்திலும் இவ்வாறே வீண் உண்டு. கிருமியைக் குறைப்பதற்காக அரங்கின் காற்று மணிக்குச் சுமார் 20 முறை மாற்றப்படுவதால், மருத்துவமனையின் பிற பகுதிகளை விட அரங்கு சதுர அடிக்கு மூன்று முதல் ஆறு மடங்கு ஆற்றலை உண்கிறது. ஆளில்லாத இரவில் அவ்வேகத்தைத் தாழ்த்தி வைப்பது எளிது; ஆயினும் பல இடங்களில் அது செய்யப்படுவதில்லை.

இந்தியாவின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் துணி விரிப்பும் துணி மேலங்கியும் சலவைக்கூடமும் இன்றும் உள்ளன. தனியார் மருத்துவமனைகள் பலவோ ஒருமுறை பயன்படுத்தி எறியும் தொகுப்புகளை நவீனத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. அத்தொகுப்புகளுக்கு மாற எண்ணும் எந்த மருத்துவமனையும், அரவிந்த் செய்ததைப் போலத் தன் தொற்று விகிதத்தை ஒழுங்காகக் கணக்கிட்டு, மாற்றத்தால் அது குறையும் என்பதற்குச் சான்று கிடைத்த பின்னரே வாங்குதல் வேண்டும்.