எடை போட்டுப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்: வெளிநாட்டு இணையச் சந்தையில் மின்னணுப் பொருள் வாங்கும்போது

அக்கா மகளின் வளைகாப்புக்கு எடுத்த படங்களும் வீடியோக்களும் ஒரு மெமரி கார்டில் இருந்தன. வெளிநாட்டு இணையச் சந்தை ஒன்றில் 900 ரூபாய்க்கு நான் வாங்கிய கார்டு அது. மேலே ஒரு டெராபைட் என்று அச்சிட்டிருந்தது. கணினியில் செருகினால் கணினியும் ஒரு டெராபைட் என்றே காட்டியது. காலையில் எடுத்த படங்கள் திறந்தன. வளையல் அடுக்கும் நேரத்துப் படங்களுக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, படம் இல்லை. கார்டு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விற்றவரின் கடைப்பக்கம் அந்தச் சந்தையிலிருந்தே மறைந்துவிட்டது. புகார் செய்வதற்கான கெடுவும் முடிந்திருந்தது.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால் அதிலிருந்து தப்புவது எளிது. மெமரி கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சில்லு ஒன்றும், அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சில்லு ஒன்றும் இருக்கின்றன. "உன் கொள்ளளவு எவ்வளவு?" என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது கன்ட்ரோலர். அதன் உள்மென்பொருளை மாற்றி எழுதினால், 32 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு ஒரு டெராபைட் என்று சொல்ல வைக்கலாம். கணினி அதை அப்படியே நம்பும். 32 ஜிபி நிரம்பிய பிறகு வருகிற தகவல் எங்கும் சேமிக்கப்படாமல் போகும், அல்லது பழைய தகவலின் மேலேயே எழுதப்படும். கோப்புப் பட்டியல் மட்டும் முழுமையாகத் தெரியும். இதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

"16 டெராபைட் எஸ்எஸ்டி, 1,500 ரூபாய்" என்று வரும் விளம்பரங்களும் இந்த வகைதான். அப்படிப்பட்ட பெட்டிகளை உடைத்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது ஒரு சிறு பலகையும் அதில் செருகியிருந்த மலிவான மெமரி கார்டும். கனம் தெரிய வேண்டும் என்று நட்டும் போல்ட்டும் வைத்து ஒட்டியிருந்த வெளி வன்தட்டுகளும் அகப்பட்டிருக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் ஒரு டெராபைட் எஸ்எஸ்டிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதைப்போல் 16 மடங்கு கொள்ளளவை அந்த விலையில் ஒரு பங்குக்கு யாராலும் தர முடியாது. விலையே இங்கே முதல் சோதனை.

இரண்டாவது சோதனையை வீட்டில் செய்யலாம். விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டின் முழுக் கொள்ளளவுக்கும் தகவலை எழுதி, அதைத் திரும்பப் படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதே அவற்றின் வேலை. நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் எழுதும் 64 ஜிபி கார்டை எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். அதே வேகத்தில் ஒரு டெராபைட்டுக்கு 14 மணி நேரம் ஆகும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். பார்சல் வந்த அன்றே இதைச் செய்ய வேண்டும். ஈபேயின் பணம் திருப்பும் உத்தரவாதம், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்தோ வர வேண்டிய கடைசி நாளிலிருந்தோ 30 நாள்தான். மற்றச் சந்தைகளிலும் இப்படி ஒரு கெடு உண்டு. ஐந்து மாதம் கழித்துப் பார்த்தது என் தவறு.

பவர் பேங்க் விஷயத்தில் வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். மில்லிஆம்பியர் மணி எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்றால் 74 வாட்-மணி. 50,000 என்றால் 185. நல்ல லித்தியம் செல் ஒரு கிலோவில் ஏறத்தாழ 250 வாட்-மணி வரை தேக்கும். அப்படியானால் 50,000 என்று விற்கும் பவர் பேங்கின் செல்கள் மட்டுமே முக்கால் கிலோவை நெருங்க வேண்டும். விற்பவரின் பக்கத்தில் எடை 250 கிராம் என்று போட்டிருந்தால் அவரே தன் பொய்யைச் சொல்லிவிட்டார் என்று பொருள். எடை சரியாக இருந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது, உள்ளே மணலை நிரப்பிய பவர் பேங்குகளும் பிடிபட்டிருக்கின்றன. எடை குறைந்தால் போலி என்பது உறுதி, எடை இருந்தால் அசல் என்பது உறுதியில்லை. இன்னொன்றும் உண்டு. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பவர் பேங்கை விமான நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கையில் கொண்டுபோக முடியாது. 160-ஐத் தாண்டினால் அனுமதியே இல்லை. அந்த 185 வாட்-மணி உண்மையாகவே இருந்தால் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

டார்ச் விளக்குக்கும் சைக்கிள் விளக்குக்கும் போடும் 18650 செல்லுக்கும் இதே கணக்குத்தான். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளையில் நல்ல நிறுவனங்கள் தருவது பெரும்பாலும் 2,500 முதல் 3,600 மில்லிஆம்பியர் மணி வரை. 9,900 என்று அச்சிட்ட உறையைப் பார்த்தால் அதைத் தொடவே வேண்டாம். கழித்துக் கட்டிய பழைய செல்லுக்குப் புது உறை போட்டு விற்பதும் நடக்கிறது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் இதில் 200 ரூபாய் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சார்ஜர் இதைவிட ஆபத்தானது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 வோல்ட். சார்ஜருக்குள் நேர்மின்னோட்டமாக மாறும்போது அது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அந்தப் பக்கத்துக்கும், நாம் கையில் பிடிக்கிற 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளியும் நல்ல காப்புறையும்தான். போலி சார்ஜரில் முதலில் மிச்சப்படுத்துவது இதைத்தான். 2016-இல் யுஎல் சோதனை நிறுவனம், பல நாடுகளில் இணையம் வழியாக வாங்கப்பட்ட 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. மின்னதிர்ச்சியிலிருந்து காப்பாற்றப் போதுமான காப்பு இருந்தது மூன்றே மூன்றில். கேபிளும் அப்படித்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் கூகுள் பொறியாளர் பென்சன் லெயுங், இணையத்தில் வாங்கிய யுஎஸ்பி-சி கேபிள் ஒன்றைச் சோதிக்கச் செருகியபோது அவருடைய மடிக்கணினி கெட்டுப்போனது. மின்கம்பியையும் தரைக்கம்பியையும் மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். அடுத்த மாதமே அமேசான் தரநிலைக்கு ஒத்துவராத அவ்வகைக் கேபிள்களை விற்கத் தடை விதித்தது.

"சிஇ முத்திரை இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான மின்னணுப் பொருள்களுக்கு அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் உறுதிமொழி. வேறு யாரும் சோதித்துப் பார்த்துத் தந்த சான்று இல்லை. இந்தியாவில் சார்ஜர், பவர் பேங்க், செல்பேசி போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பொருளின் மேல் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரும் பொருளில் பெரும்பாலும் இந்த எண்ணே இருக்காது. அதனால் சுவரில் செருகும் எதையும் உள்ளூரில் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. வெளிநாட்டிலிருந்தே தருவித்தாக வேண்டிய கருவியானால், உள்ளீடு 100-240 வோல்ட் என்று அதன் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் 100 வோல்ட் ரைஸ் குக்கரை நம் பிளக்கில் மாட்டினால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல் இன்னொரு வகை. கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்பவர் டி95 என்ற மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டியை வாங்கிச் சோதித்து, அதில் தொழிற்சாலையிலிருந்தே தீய மென்பொருள் வந்திருப்பதை 2023 ஜனவரியில் வெளியிட்டார். இப்படித் தீய மென்பொருள் ஏறிய கருவிகளின் வலைப்பின்னலுக்கு பேட்பாக்ஸ் என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனியின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு அந்த நாட்டில் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. ஜூலையில் கூகுள் வழக்குத் தொடுத்தபோது பாதிக்கப்பட்ட கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று சொன்னது. இப்படிப்பட்ட பெட்டி நம் வீட்டு இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்களின் குற்றங்களுக்கு வழியாக்கிவிடும். எல்லாச் சேனலும் இலவசம் என்று விற்கும் பெட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் அந்தக் கருவி பிளே புரொடெக்ட் சான்று பெற்றதா என்று பார்க்கும் வசதி இருக்கிறது.

பணம் கட்டும் இடத்துக்கு வருவோம். நல்ல சந்தைகளில் நாம் கட்டிய பணத்தைப் பொருள் வந்து சேரும் வரையாவது சந்தை தன்னிடம் வைத்திருக்கும், அல்லது தகராறு வந்தால் திருப்பித் தரும். அந்தக் காப்பு சந்தைக்குள் கட்டினால்தான் கிடைக்கும். "நேராக அனுப்புங்கள், பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்று விற்பவர் தனிச்செய்தி அனுப்பினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடை என்று சொல்லிக்கொண்டு தனிநபரின் யூபிஐ எண்ணுக்குப் பணம் கேட்டால் அது வெளிநாடும் இல்லை, கடையும் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வராவிட்டாலோ விவரித்தபடி இல்லாவிட்டாலோ வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்கலாம். வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வாங்கும் அன்று மட்டும் திறந்து, முடிந்ததும் மூடிவிடுவது நல்ல பழக்கம். யாரோ உங்கள் கார்டைப் பயன்படுத்திவிட்டால் மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்ல வேண்டும். வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாத திருட்டில், அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு இழப்பு இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதி.

பொருளுக்குப் பதிலாக வேறு எதையோ அனுப்பிவிட்டு, "டெலிவரி ஆகிவிட்டது" என்று டிராக்கிங்கைக் காட்டிப் பணத்தைப் பிடித்துக்கொள்வது பழைய தந்திரம். மின்னணுப் பொருளுக்குப் பதில் சாவிக்கொத்து வரும். அதனால் முகவரிச் சீட்டு தெரிய, பிரிப்பதற்கு முன்பிருந்தே இடைவெட்டில்லாமல் செல்பேசியில் வீடியோ எடுங்கள். சோதித்து முடிக்கும் வரை "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானைத் தொடாதீர்கள். "முதலில் புகாரை மூடுங்கள், பிறகு பணம் தருகிறேன்" என்று விற்பவர் கெஞ்சினாலும் மூடாதீர்கள், மூடிய புகாரைத் திரும்பத் திறப்பது மிகக் கடினம்.

இனி சுங்கம். அன்பளிப்பு என்று எழுதி அனுப்பச் சொன்னால் தீர்வை இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 5,000 ரூபாய் வரை அந்தச் சலுகை ஒரு காலத்தில் இருந்தது. 2019 டிசம்பரில் அது போய்விட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பாக எதையும் இறக்குமதி செய்யக் கூடாது. தீர்வை கட்டி வாங்கத் தடையில்லை. தீர்வை விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் என்பதால் வாங்கும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும். 10 டாலர் என்று குறைத்து எழுதித் தருவதாக விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவரே.

சிலவற்றை வாங்கவே கூடாது. முழு டிரோன் இறக்குமதி 2022 பிப்ரவரியிலிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. செல்பேசி ஜாமரைத் தனியார் வாங்குவதும் வைத்திருப்பதும் சட்டவிரோதம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகளுக்கும் முன் அனுமதி வேண்டும். அது தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். வைஃபை, புளூடூத் உள்ள கருவிகளுக்கும் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் என்ற விதி உண்டு, அதைக் காட்டிப் பார்சலை நிறுத்திவைக்கலாம்.

பார்சலுக்காகக் காத்திருப்பவரைக் குறிவைக்கும் திருடர்களும் இருக்கிறார்கள். முகவரி சரியில்லை என்று தபால் துறை பெயரில் குறுஞ்செய்தி வரும், சுட்டியைத் தொட்டால் கார்டு விவரம் கேட்கும். சுங்க அதிகாரி என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டுவார்கள். சுங்கத் துறை அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், அதைத் துறையின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்லி அவர்கள் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்றங்களுக்கான இந்திய உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2023-லிருந்து சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான பொருளுக்கும், 2024-லிருந்து மலேசியாவில் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கும் பதிவுபெற்ற சந்தைகள் வரியைப் பணம் கட்டும்போதே வசூலித்துவிடுகின்றன. அப்படி வாங்கிய பொருளுக்கு மறுபடியும் வரி கேட்டு வரும் செய்தியைச் சந்தேகியுங்கள்.

அந்தக் கார்டை நான் தூக்கிப்போடவில்லை. எஃப்3 சோதனையில் உண்மையான கொள்ளளவு 30 ஜிபிக்குச் சற்று மேல் என்று தெரிந்தது. அதே தொகுப்பில் உள்ள ஒரு கருவியால் கார்டை அந்த அளவுக்கே பிரித்து, உறையின் மேல் பேனாவால் "30" என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவின் ரேடியோவில் பாட்டுக்கு மட்டும் அது போகிறது. வளைகாப்புப் படங்களில் கொஞ்சம் உறவினர்களின் செல்பேசிகளிலிருந்து கிடைத்தது. வளையல் அடுக்கும்போது அக்கா மகளின் முகம் தெரியும் படம் இன்னும் யாரிடமும் கிடைக்கவில்லை.