தலையைத் திருப்பி உண்ணும் புழு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுத் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீதியில் சாக்கடை நாறிக்கொண்டு கிடக்க, கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் அதை விட்டுவிட்டு மாடியேறி, தெளிந்த குடிஜலம் நிற்கும் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்? அவருடைய கோபத்தில் பிழையில்லை. ஆனால் சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனம். நகரங்களில் மலேரியாவைச் சுமக்கும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியோ கிணறு, மேல்தொட்டி, சம்ப் ஆகிய சுத்த ஜலத்தையே பிரதானமாக நாடுவது. தமிழகத்தின் மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலமாகச் சென்னை மாநகரத்துக்கே உரியதாக இருந்து வந்ததற்கு அங்குள்ள கிணறுகளும் தொட்டிகளும் ஒரு முக்கியக் காரணம். அந்தச் சென்னைக்கும் காஞ்சிக்கும் நாள்தோறும் எத்தனை பஸ், எத்தனை ரயில் என்பதை அன்பருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கொசுவின் புழுப்பருவத்தில்தான் விசேஷம் இருக்கிறது. மற்ற கொசுப் புழுக்களுக்கு வால்பக்கத்தில் ஒரு சுவாசக் குழல் உண்டு. அதன் நுனியை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு அவை தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழல் இல்லாததால், காற்றுக்காக அது உடம்பு முழுவதையும் நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகப் படுக்க வைத்தாக வேண்டும். அப்படிப் படுத்திருக்க அதன் முதுகில் விசிறிபோல் விரியும் நுண்மயிர்க் கொத்துகள் அமைந்திருக்கின்றன. விடியற்காலையில் தெருவில் பட்டுப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பதைக் காஞ்சிவாசிகள் அறிவார்கள். நீரின் மேற்பரப்பு அப்படி இழுத்துக் கட்டிய ஒரு பாவு என்று கொண்டால், இந்தப் புழு அதன் அடியில் முதுகை ஒட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு துஷ்டப் பையன். கஞ்சியோ பாவின்மேல் இருக்கிறது, பையனின் வாயோ தரையைப் பார்த்திருக்கிறது. ஆகவே அவன் உடம்பை அசைக்காமல் கழுத்தை மட்டும் அரைவட்டமாகத் திருகி, முகத்தை மேலே கொண்டுவந்து, இழையிலுள்ள கஞ்சியை நக்குகிறான். புழு செய்வது அட்சரம் பிசகாமல் இதுவேதான்: தலையை 180 பாகை திருப்பி, வாயிலுள்ள தூரிகை மயிர்களால் சிறு நீரோட்டத்தை உண்டாக்கி, நீர்ப்படலத்தில் மிதக்கும் பாக்டீரியாவையும் பாசியையும் ஆகாரமாக இழுத்துக்கொள்கிறது. பாவின் முடிச்சை யாராவது அவிழ்த்துவிட்டால் பையன் பிடியிழந்து விழுவான். நீரில் சிந்திய எண்ணெய் பரப்பு இழுவிசையைத் தளர்த்தி, சுவாசத் துளைகளையும் அடைத்து, அந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. பாவு ஒரு திசையில் மட்டும் இழுபடுவது, நீர் எல்லாத் திசையிலும் இழுபடுவது என்று நெசவாளர் ஆட்சேபிக்கலாம்; உவமையை இதற்குமேல் இழுத்தால் இழை அறும்.

சரித்திரம் ஒரு பாராவாவது இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1897 ஆகஸ்டு 20 அன்று சிக்கந்தராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1958-ல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 1965-ல் நோயாளிகள் ஏறக்குறைய 1 லட்சம் என்ற அளவுக்கு இறங்கியபோது வெற்றிப் பறை முழங்கியது. 1976-ல் அந்த எண்ணிக்கை 64 லட்சம்.

அதனால் இப்போது முழங்கும் பறைகளையும் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பதே எனக்கு வழக்கம். தெருவை மறைக்கும் புகைமருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டிக்குள் கிடக்கும் புழு சௌக்கியமாகவே இருக்கும். காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டுவதாக விற்கப்படும் கருவிகளில் பரிசோதனைகள் பயன் எதையும் காணவில்லை. 2021-லும் 2023-லும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த தடுப்பூசிகள் மெய்யான முன்னேற்றம்தான் எனினும், அவை பால்சிபாரம் என்ற கிருமிக்கு எதிராக, முக்கியமாக ஆப்பிரிக்கக் குழந்தைகளை உத்தேசித்து வந்தவை. நம் பக்கத்தில் மிகுந்திருப்பது வைவாக்ஸ். அது கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்தும் எழக்கூடியது. ஆகையால், ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தபின் டாக்டர் 14 நாளைக்கு பிரைமாகுயின் மாத்திரை கொடுத்தால், ஜுரம் விட்ட மூன்றாம் நாளே அதை நிறுத்துவது மகா அபத்தம்.

நம் கொசுவும் சும்மா இருக்கவில்லை. 2012-ல் ஜிபூட்டியில் தலைகாட்டி எத்தியோப்பியாவுக்கும் பரவிவிட்டது. இலங்கை மலேரியா அற்ற தேசம் என்று சான்றிதழ் பெற்ற அதே 2016-ல் மன்னாரிலும் அது அகப்பட்டது.

இனி அன்பரின் தொட்டிக்கு வருவோம். கோடையில் முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதுமாகையால், வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து சுவரைத் தேய்த்துக் கழுவுவதும், மூடியை இடுக்கின்றிப் பொருத்துவதும், உபரிநீர்க் குழாயின் வாயில் வலைத்துணி கட்டுவதும் அவசியம். கிணற்றில் கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விடலாம். குடிக்கும் தொட்டியில் எண்ணெய் ஊற்றிவிட வேண்டாம். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அன்பரே டார்ச் அடித்துப் பார்க்கட்டும்: புழு நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருந்தால் அது அனாபிலிஸ், உடனே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் சொல்ல வேண்டியது, தலைகீழாகத் தொங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸாக இருக்கக்கூடும், அதற்கும் இதே மூடிதான்.