சேம அச்சும் ஸ்பானரும்

கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்ற வணிகரை உமணர் என்று சங்க நூல்கள் கூறுகின்றன. அவர்கள் செல்லும் பாதை மேடும் பள்ளமுமானது. வண்டியிலே பாரம் மிகுதி. பூட்டிய எருதுகளோ நுகத்தடிக்கு இன்னும் பழகாத இளங்காளைகள். காட்டு வழியில் அச்சு முறிந்துவிட்டால் கதி என்ன? ஆகவே, மற்றோர் அச்சையும் வண்டியின் அடியிலே கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். அதியமானின் மகனாகிய பொகுட்டெழினி என்னும் தலைவனை ஔவையார் இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 102-ஆம் பாடலாக அது இருக்கிறது.

உமணர் செய்த செயலில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியில் உள்ள எல்லா உறுப்புகளிலும் இரண்டாவதாக ஒன்றை அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. முறியக்கூடியது எது, முறிந்தால் வண்டியை நிறுத்திவிடுவது எது, தம் கையாலேயே மாற்றக்கூடியது எது என்ற மூன்றையும் எண்ணிப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றார்கள். மோட்டார் சைக்கிளில் நெடுவழி செல்லுகிறவர் தம் பையில் எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கும் இதே மூன்று சோதனைகள்தாம் விடை தருகின்றன.

மதுரை மாநகரிலிருந்து சாலைகள் எல்லாத் திசைகளிலும் பிரிந்து செல்கின்றன. மேலூர் வழியே திருச்சிராப்பள்ளிக்கும், திருமங்கலம் வழியே விருதுநகருக்கும், உசிலம்பட்டி வழியே தேனிக்கும், மானாமதுரை, பரமக்குடி வழியே இராமேசுவரத்துக்கும் போகலாம். கல்லூரி விடுமுறை விட்டால் இந்தச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சொந்த ஊர் செல்லும் மாணவர்களைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். மதுரை, மோட்டார் தொழிலில் பழமை வாய்ந்த ஊர். 1911-ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தம் நிறுவனத்தைத் தொடங்கியது இங்கேதான். மேலூர்ச் சாலையில், வெள்ளரிப்பட்டியில், இருசக்கர வண்டிகளுக்கான டயர்கள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. டயர் பிறக்கும் சாலையிலேயே டயர் பஞ்சராகி நிற்பவரையும் பார்க்கலாம் என்பது வேறு கதை!

இந்தச் சமவெளியில் வண்டியை நிறுத்துகின்ற முதற் பகைவன் முள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேல மரம், சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாயையும் தரிசையும் நிறைத்து நிற்கிறது. விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் அதை வெட்டி எடுத்துச் செல்லும்போது கிளைகளிலிருந்து முட்கள் சாலையில் உதிர்கின்றன. ஆணி டயரில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். முள்ளோ உள்ளே நுழைந்தபின் ஒடிந்து, ரப்பருக்குள்ளேயே மறைந்துவிடும். அதனால்தான் முதற் பஞ்சரை ஒட்டிவிட்டு இரண்டு மைல் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்குகிறது. டியூபைத் திரும்ப மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்க்க வேண்டும். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும். விரலால் தடவுவது கூடாது. முள்ளைக் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் விரலும் பஞ்சராகிவிடும்.

டியூப் உள்ள வண்டியை உடையவர் இரண்டு டயர் லீவர், சக்கரத்தின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், கைப்பம்பு, உப்புத்தாள், பட்டி, சொல்யூஷன் ஆகியவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். இடம் இருந்தால் ஒரு மாற்று டியூப் மிக நல்லது. வெயிலில் நின்று பட்டி ஒட்டுவதைக் காட்டிலும் டியூபையே மாற்றிவிட்டு, பழையதை வீட்டில் நிழலில் அமர்ந்து ஒட்டிக்கொள்ளலாம். டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியைப் பார்ப்பது வழக்கம். சித்திரை மாதத்தில் பார்த்திபனூர்ப் பக்கம் தண்ணீருக்கு எங்கே போவது? காற்றடித்த டியூபைக் கன்னத்தின் அருகே கொண்டுவந்து மெல்லச் சுழற்றினால், காற்று படும் இடத்தைத் தோலே சொல்லிவிடும். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம்.

பட்டி ஏன் ஒட்டுகிறது, ஏன் சில வேளை ஒட்டாமல் போகிறது என்பது மாணவர்கள் அறியத்தக்கது. சொல்யூஷன் என்பது பெட்ரோலைப் போன்ற ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும் ரப்பர். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய இடத்தில் அதைத் தடவினால், கரைப்பான் ஆவியாகி, ரப்பர்ப் படலம் மட்டும் எஞ்சி நிற்கும். அந்தப் படலந்தான் பட்டியைப் பற்றிக்கொள்கிறது. ஈரம் காய்வதற்குள் பட்டியை வைத்து அழுத்தினால், வெளியேற வழியில்லாத கரைப்பான் உள்ளேயே நின்று பிடிப்பைக் கெடுக்கும். தடவிய இடம் பளபளப்பு இழந்து மங்கும் வரையில் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுவழியில் நிற்பவருக்கு அந்தச் சில நிமிடம் ஒரு யுகமாகத் தோன்றுகிறது. பட்டி பிடிக்காமற் போவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். சொல்யூஷன்மீது பழி போடுகிறோம்.

டியூப் இல்லாத டயர் வந்த பிறகு இந்த வேலை மிகவும் எளிதாயிற்று. சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ஆணியை எடுத்துவிட்டு, அராவும் ஊசியால் துளையைச் சுத்தம் செய்து, பசை தோய்ந்த ரப்பர்த் திரியைக் கண்ணுள்ள ஊசியில் கோத்து உள்ளே செலுத்தி, ஊசியை மட்டும் இழுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. திரியும் பம்பும் கையில் இல்லாதவர் ஆணியைப் பிடுங்கக் கூடாது. தைத்த ஆணியே பல வேளைகளில் அடைப்பானாக இருந்து, அடுத்த பஞ்சர் கடை வரையில் காற்றைக் காப்பாற்றித் தரும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆரக்கம்பிகள் வைத்த சக்கரங்களில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும். கம்பிகள் ரிம்மைத் துளைத்து நிற்பதால் காற்று அந்தத் துளைகளின் வழியே கசிந்துவிடும். தம் வண்டியில் எந்த வகை டயர் என்று அறியாமலே திரி வாங்கிப் பைக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி எஞ்சினுக்கு வருவோம். சென்னைத் திருவொற்றியூரில், 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் செய்த புல்லட் வண்டியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. பழைய புல்லட்டில் தீப்பொறியைக் காலம் தவறாமல் எழுப்புவது 'பாயின்ட்' என்னும் இரு உலோக முனைகளின் வேலை. அவை தேயும், கரி பிடிக்கும், இடைவெளி மாறும். ஆதலால் அதன் உரிமையாளர் இடைவெளி அளக்கும் தகடு, சிறு அரம், பிளக் ஸ்பானர், மாற்று பிளக் ஆகியவற்றோடுதான் ஊர்ப் பயணம் போவார். 1960-களில் மைசூரிலிருந்து வந்த ஜாவா போன்ற இரட்டை வீச்சு வண்டிகளில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் பிளக் அடிக்கடி கரி பிடித்துப் போகும். அவ்வண்டிக்காரரின் சட்டைப் பையிலேயே பிளக் இருக்கும் என்றால் மிகையாகாது.

அந்தக் காலம் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின், கார்புரேட்டர் போய், மின்னணுக் கருவி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பாயின்ட் அதற்கும் முன்பே மறைந்துவிட்டது. இந்தப் புது எஞ்சின் எளிதில் நிற்பதில்லை. நின்றுவிட்டால் சாலையோரத்தில் நம்மால் ஆவது மிகக் குறைவு. தாத்தா வைத்திருந்த அரத்தையும் தகட்டையும் பேரன் தன் புது வண்டியில் சுமந்து செல்வதில் பயன் ஒன்றும் இல்லை. தாத்தாவின் ஸ்பானர்கூடப் பொருந்துவது ஐயமே. பழைய புல்லட்டின் நட்டுகள் பிரிட்டிஷ் அளவையில் அமைந்தவை. புது வண்டியின் நட்டுகள் மில்லிமீட்டர்க் கணக்கில் அமைந்தவை. பொருந்தாத ஸ்பானரால் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கும்; பிறகு எந்த ஸ்பானருக்கும் அது வசப்படாது.

எனினும் பழையதிலும் புதியதிலும் ஒரேவிதமாகக் கெடுகின்ற சில பொருள்கள் இருக்கின்றன. கிளட்ச் கம்பி அவற்றுள் ஒன்று. கைப்பிடி முனையில் அது இழையிழையாக அறுந்துகொண்டே வந்து, ஒருநாள் முற்றும் அறும். அனுபவம் மிக்கவர்கள் மாற்றுக் கம்பியைப் பைக்குள் வைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கம்பியோடு அதையும் சேர்த்தே வண்டியில் ஓட்டி, இரு முனைகளையும் டேப் சுற்றி மூடி வைத்துவிடுவார்கள். அறுந்த அன்று முனைகளை மாட்டினாற் போதும். உமணர் வண்டியின் அடியில் கட்டிய அச்சுக்கு இதைவிட நேரான வாரிசு இல்லை என்றே நான் எண்ணுகிறேன். செயின் அறுந்தால் இணைப்பதற்குச் செயின் லாக் ஒன்று வேண்டும். அதன் கவ்வியின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஏதேனும் பட்டுக் கவ்வி கழன்றுவிடக்கூடும்.

பியூஸ் இரண்டு மூன்று எடுத்துக்கொள்வது பாரமில்லை. பியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைத்து வண்டியை ஓட்டும் பழக்கம் இன்றும் உண்டு. தீங்கைத் தடுக்கத் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் காவற்காரன் பியூஸ். அவன் இடத்தில் சாகாத ஒருவனை நிறுத்தினால், மின்கம்பிகள் அனைத்தும் வெந்துபோகும். பெட்ரோல் டாங்கி கசிந்தால் சலவைச் சோப்பின் துண்டு உதவும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நெருப்பை அண்டவிடாமல், கசியும் இடத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்தால் ஊர் சேரும் வரை அடைபட்டு நிற்கும். ரப்பரைக் கரைக்கும் பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. சோப்பைக் கரைக்கும் தண்ணீர் ரப்பரைக் கரைக்காது. வேதியியல் வகுப்பில் படித்த பாடத்தைச் சாலையோரத்தில் நேரே காணலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் பாதைகளில் இறங்குகிறவருக்கு ஒரு மூங்கில் துண்டு போதும். மட்கார்டுக்குள் அப்பிய மண்ணை அதனால் குத்தி எடுக்கலாம்.

இதுவரை சொன்னவை வண்டிக்கு உரியவை. ஆனால் நான் முதன்மையாகக் கருதுவது வண்டியை ஓட்டுபவருக்கு உரியவற்றை. முன்னாளில் நெடுஞ்சாலை ஊர்களின் நடுவே சென்றது. வண்டி நின்றால் டீக்கடையும், டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. நான்கு வழிச் சாலைகள் ஊர்களை விட்டு விலகி வெளியே செல்கின்றன. சாலை நன்றாயிற்று, நிற்பவரின் தனிமையும் பெருகிற்று. அதிலும் இரவிலே, வேகமாக வரும் லாரியின் ஓட்டுநருக்குச் சாலையோரத்தில் குனிந்து ஸ்பானர் பிடித்திருப்பவர் ஒரு நிழலாகவும் தெரிவதில்லை. வண்டி கெட்டு நின்றதால் ஒருவர் இறப்பதில்லை. நின்ற இடத்தில் பிறர் வண்டி மோதியே இறக்கிறார். ஆகவே பையைத் திறந்ததும் முதலிற் கைக்கு அகப்பட வேண்டியவை ஒளியைத் திருப்பி வீசும் மேற்சட்டையும் ஒரு டார்ச் விளக்கும் ஆகும். வண்டியைத் தாரைவிட்டு இறக்கி, மண் பக்கம் கொண்டுபோன பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

நிற்கும் இடம் தகாத இடமாகத் தோன்றினால், குறிப்பாக இரவில் தனியே வரும் மாணவிகள், அங்கே பழுது பார்க்க முற்பட வேண்டாம். காற்றிறங்கிய டயரோடு நடை வேகத்தில் உருட்டிக்கொண்டேனும் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கை அடைந்துவிடுவது நல்லது. டயரும் டியூபும் கெட்டுப்போகும், போகட்டும். செல்பேசியின் மின்சக்தியைப் பாட்டுக்குச் செலவழிக்காமல் பாதியேனும் மீத்து வைத்திருந்தால், விபத்து நேர்ந்த போது 108-ஐயும், தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டின் 1033-ஐயும் அழைக்கலாம். காயத்தைக் கட்டத் துப்புரவான துணியும், கிருமிநாசினியும், இரண்டு லிட்டர் தண்ணீரும் பையில் இருக்கட்டும். கோடை நண்பகலில் பட்டி ஒட்டுகிறவர் அரை மணி நேரத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது உண்டு.

பை கட்டும் முறையைப் பற்றிச் சிறிது. கருவிகளை ஒரு முரட்டுத் துணியில் தனித்தனி அறை தைத்துச் சுருட்டி வைப்பது பழைய வழக்கம். இன்றும் அதைவிடச் சிறந்தது இல்லை. வேலை செய்யும்போது அதே துணியைத் தரையில் விரித்தால், நட்டும் போல்ட்டும் மணலிற் புதையாது. புறப்படும்போது ஓர் அறை காலியாக இருந்தால், எதை விட்டுவிட்டுச் செல்கிறோம் என்பது தெரிந்துவிடும். பயணத்துக்கு முன்னாளே, வீட்டு வாசலில், அந்தக் கருவிகளைக் கொண்டே சக்கரத்தை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். எந்த ஸ்பானர் குறைகிறது, எந்த நட்டு துருப்பிடித்து அசைய மறுக்கிறது என்பதெல்லாம் அப்போது விளங்கும். கழற்றத் தெரியாத உறுப்புக்கு மாற்று உறுப்பைச் சுமப்பது வீண். சொல்யூஷன் குழாய் ஒருமுறை திறந்துவிட்டால் நாளடைவில் உள்ளேயே இறுகிப்போகும். ஊர் திரும்பிய அன்று மாலையே புதிதாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும்.