நான்கு விரற்கடை இடைவெளி

கண்டங்களைத் தரைவழியே இணைக்கத் தண்டவாளம் மட்டும் போதுமா? பூகோள வகுப்பில் நான் விரும்பிக் கேட்ட வினா இது.

1891இல் உருசியா சைபீரிய இருப்புப்பாதையைத் தொடங்கிற்று. பைக்கால் ஏரி குறுக்கிட்டது; கரையோரப் பாதை அமையும்வரை இரயில் பெட்டிகளையே கப்பலேற்றிக் கடத்தினர். 1916இல் அமூர் நதிப் பாலம் முடிந்ததும், 9,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பாதை உருசிய மண்ணிலேயே முழுமை பெற்றது.

2011இல் சீனாவின் சோங்சிங்கிலிருந்து ஜெர்மனியின் டூயிஸ்பர்க்குக்குச் சரக்கு இரயில் ஓடலாயிற்று. கடல்வழியே ஒரு மாதத்திற்கு மேலாகும் பயணம் ஏறத்தாழ இரண்டே வாரங்களில் முடிகிறது. எனினும், பெருங்கப்பலொன்று இருபதினாயிரம் சரக்குப் பெட்டிகளைச் சுமக்கும்; இரயிலோ ஏறக்குறைய நூறுதான் சுமக்கும். ஆகவே, விலை மிகுந்த, விரைவில் சேரவேண்டிய பொருள்களுக்கே இவ்வழி பெரிதும் ஏற்றது.

இன்னொரு தடையும் உண்டு. சீனாவிலும் போலந்திலும் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். இடையிலுள்ள கசகஸ்தான், உருசியா, பெலாரஸ் நாடுகளில் 1,520. வேறுபாடு நான்கு விரற்கடையே! அதற்காக, இரு எல்லைகளிலும் பாரந்தூக்கிகள் சரக்குப் பெட்டிகளை வண்டி மாற்றி ஏற்றுகின்றன.

மலையையும் நதியையும் பொறியியல் வென்றது. தனித்தனியே வகுத்த அளவுகளோ நூறாண்டு கடந்தும் வழிமறிக்கின்றன. நாடுகளின் உடன்பாடே நெடும்பாதையின் முதல் தண்டவாளம் என்பதை உணருங்கள்.