ஆகாயத்தில் குட்டிக்கரணம்!

மைதானத்தில் ஒருவர் நிற்கிறார். கழுத்தில் ஒரு பெட்டி தொங்குகிறது. அதில் இரண்டு சிறு குச்சிகள். எதிரே, வானத்தில் ஒரு விமானம் பறக்கிறது. அதில் ஆள் இல்லை!

குச்சிகளை வெடுக்கென்று இழுக்கிறார். நேராகப் போன விமானம் பம்பரம் போல் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. மறுகணம், ஒன்றும் நடக்காதது போல் நேராகப் போகிறது!

இந்த வித்தைக்கு "ஸ்னாப்" என்று பெயர். சொடக்குப் போடும் நேரத்தில் முடிந்துவிடும்.

பொம்மைதானே என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பெரிய ரகம் என்று சொல்லப்படும் இரட்டைச் சிறகு ரேடியோ விமானத்துக்குச் சிறகின் நீளம் 5 அடியாவது இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் பொருத்துகிறார்கள். சில விமானங்கள் 20 கிலோ கூட இருக்கும். அவ்வளவு கனம் தலையில் விழுந்தால் என்ன ஆகும்?

சுற்றுவது எப்படி?

சிறகின் மேல் காற்று ஒழுங்காக ஓடும் வரைதான் விமானம் மிதக்கும். மூக்கைத் திடீரென்று தூக்கினால் அந்தப் பிடி விட்டுப்போகும். அதே சமயம் வாலில் உள்ள சுக்கானை ஒரு பக்கம் திருப்பினால், அந்தப் பக்கத்துச் சிறகுகளுக்குத்தான் முதலில் பிடி போகும். ஒரு பக்கம் விழுகிறது. மறு பக்கம் தூக்குகிறது. சுழலாமல் என்ன செய்யும்?

விழப்போகும் நிலையை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்!

தொடங்குவது எளிது. நிறுத்துவதுதான் கஷ்டம். சுற்று முடியும் முன்பே குச்சிகளை விட்டுவிட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது விமானத்துக்கு விமானம் மாறும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு உடம்பே சொல்லிவிடும். தரையில் நிற்பவருக்குக் கண் மட்டுமே துணை. விமானம் அவரை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும்!

வேகம் மிஞ்சினால் சிறகு முறியலாம். குறைந்தால், சுழன்றபடியே தரைக்கு வந்துவிடும். இரட்டைச் சிறகைக் காற்று அதிகமாகத் தடுப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சட்டென்று குறையும். அதனால் நல்ல உயரத்தில்தான் பழகுகிறார்கள்.

தலைகீழ் விமானம்

இவற்றில் பல, "பிட்ஸ் ஸ்பெஷல்" என்ற நிஜ விமானத்தின் நகல்கள். அமெரிக்கரான கர்ட்டிஸ் பிட்ஸ் கட்டிய அந்த விமானம் 1944-ல் முதலில் பறந்தது. அந்த ரகத்தைப் புகழ் பெறச் செய்தவர் ஒரு பெண்! பெட்டி ஸ்கெல்டன் என்று பெயர். அதை ஓட்டி 1949, 1950-ம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்களுக்கான விமான சாகசப் போட்டியில் வென்றார். அந்த விமானம் வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் தொங்குகிறது, தலைகீழாக!