நள்ளிரவில் வெடித்த மேசை

இரவு பன்னிரண்டு மணியைத் தாண்டித் தங்கை அழைத்தாள். "அண்ணே, நீ செஞ்சு குடுத்த மேசை படார்னு வெடிச்சிருச்சு!"

பிரிக்பீல்ட்ஸில் அத்தை வீட்டில் தங்கி எஸ்.டி.பி.எம். படிக்கிறாள். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பலகையின் ஒரு முனையிலிருந்து நடுப்பகுதி வரை பிளவு. இரண்டு 20 சென் காசுகளைச் சேர்த்துச் செருகலாம். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், இரண்டு மாத வார இறுதிகளைக் கொட்டிச் செய்த மேசை அது.

தச்சு வேலை எனக்குத் தொழில் இல்லை. வாரம் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருப்பவன், சனிக்கிழமையானால் இழைப்புளியைத் தூக்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கருவியை மலாயில் 'கெத்தாம்' என்பார்கள். நண்டுக்கும் அதே பெயர். முதன்முறை கடையில் கேட்டபோது, "சந்தை அந்தப் பக்கம்" என்று கடைக்காரர் கிண்டல் செய்தார்.

மறுநாளே பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், அடுக்குமாடி வீட்டில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரும் என்னைப்போல் பொழுதுபோக்குத் தச்சர். அண்டை வீட்டார் சத்தம் போடுவார்கள் என்பதால் மின்கருவி எதையும் தொடமாட்டார். பால்கனியில் கைரம்பம், உளி, கொட்டாப்புளி மட்டுமே. மேசையைக் கவிழ்த்துப் பார்த்தவர், "குறுக்குச் சட்டத்தைப் பசை போட்டு ஒட்டி, திருகாணியும் இறுக்கியிருக்கியே தம்பி. பலகை எப்படி மூச்சு விடும்?" என்றார்.

மரத்தை அறுத்து உலர்த்திய பிறகும், காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டும் வெளிவிட்டுக்கொண்டும்தான் இருக்கும். நம் நாட்டில் திறந்த இடத்தில் கிடக்கும் பலகையின் ஈரம் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் போய் நிற்கும். குளிர்சாதன அறையில் அதுவே 11, 12க்கு இறங்கிவிடும். ஈரம் போனால் பலகை சுருங்கும். இழை ஓடும் நீளவாக்கில் அந்தச் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் வம்பு. 60 சென்டிமீட்டர் அகலப் பலகை மூன்று, நான்கு மில்லிமீட்டர் குறையலாம். கடையில் உலர்த்தித் தந்த பலகையை, மழைக்காலம் முழுக்கக் கார் நிறுத்துமிடத்தில் போட்டு ஈரம் ஏற்றியவன் நான். அது போய்ச் சேர்ந்த இடமோ, தங்கை இரவெல்லாம் குளிர்சாதனம் போட்டுப் படிக்கும் அறை. பலகை சுருங்கப் பார்த்தது, குறுக்கே ஒட்டிய சட்டம் விடவில்லை. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டுமே! பலகை பிளந்தது.

அந்தப் பலகை ரப்பர் மரம். அதை வாங்கி வந்த அன்றே பாட்டி முகம் சுளித்தார். "அடுப்பெரிக்கிற கட்டையில மேசையாடா?" பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர். அவர் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரிதான். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து நீலம் பூக்கும், வண்டு துளைக்கும். அதனால் விறகுக்கும் கரிக்கும்தான் போனது. அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் இப்போது நாற்காலியாக, கட்டிலாகக் கப்பலேறுகிறது. மூவார் வட்டாரத்து அறைகலன் தொழிலுக்கு இது முக்கிய மரம். பாட்டியிடம் இதையெல்லாம் விளக்கினேன். "அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.

அண்ணன் வீட்டில் அன்று என்னைப்போல் இன்னும் இருவர் இருந்தார்கள். என் பிளவைப் பார்த்ததும் ஆளாளுக்குத் தங்கள் கதையை அவிழ்த்தார்கள். ஒருவர் ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார். சில மணி நேரத்தில் தொட்டியிலிருந்து புகை! தீக்குச்சியே தேவையில்லை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். துணியை விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொருவர் கிள்ளான் துறைமுகப் பக்கம் கழித்துப்போடும் பேலட்டுகளைக் கேட்டு வாங்கி அலமாரி செய்கிறார். இலவச மரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும், நாட்டின் ஈரெழுத்துக் குறியும், பூச்சியைக் கொன்ற முறையும் குத்தப்பட்டிருக்கும். 'எச்.டி.' என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதை அவர் தொடுவதே இல்லை. அண்ணன் தம் இடக்கையைக் காட்டினார். கட்டைவிரல் அடியில் வெள்ளையாய் ஒரு தழும்பு. மழுங்கிய உளி. கூர் போனதால் பலம் கொடுத்துத் தள்ளினாராம், வழுக்கி வந்துவிட்டது. மரத்தைப் பிடித்த கை உளிக்கு முன்னால் இருந்ததுதான் தப்பு என்கிறார். இப்போது சாணைக்கல்லில் உளியைத் தீட்டாமல் வேலையைத் தொடங்குவதில்லை.

மேசையைச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் பிடித்தன. அதுவரை தங்கை சாப்பாட்டு மேசையில் படித்தாள். என்னிடம் சரியாகப் பேசவில்லை. சட்டத்தைப் பெயர்த்தோம், பிளவு ஓடிய வழியே பலகையை இரண்டாக அறுத்தோம், ஓரங்களை இழைத்து மறுபடி ஒட்டினோம். புதுச் சட்டத்தில் பசையே இல்லை. நடுவில் ஒரு திருகாணி மட்டும் இறுக்கம். இரு பக்கமும் வட்டத்துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு, பலகை அசைந்தால் திருகாணியும் கூடவே நகரும்படி விட்டோம். அகலம் கொஞ்சம் குறைந்துபோனது. அண்ணன் கூலியாக என் புது இழைப்புளியை ஒரு மாதம் இரவல் கேட்டார், கொடுத்தேன்.

தேர்வு முடிந்த மறுவாரம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அடியில் படுத்துக் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். ஓரத்துத் திருகாணி, நீள்துளைக்குள் ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் தள்ளி நின்றது. "என்னண்ணே, மறுபடி வெடிச்சிருச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.