தொட்டி மீன் துவண்டு கிடக்கிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்!

சனிக்கிழமை ஆசையாக வாங்கிய நான்கு கோல்டுஃபிஷ். ஞாயிறு முழுக்கத் துள்ளல். புதன்கிழமை காலையில் ஒன்று செத்து மிதக்கிறது. மற்ற மூன்றும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. ‘ஏதோ நோய் வந்துடுச்சு’ என்று பதறி, நீலக்கலர் மருந்தை வாங்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். வெள்ளிக்கிழமை தொட்டி காலி. ஆற்காடு - ஆரணி சாலையில் இருக்கும் திமிரியில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை, புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதைதான் இது.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் கிருமி காரணமில்லை. தண்ணீர்தான் காரணம்.

தண்ணீரில் என்ன நடக்கிறது?

மீனின் கழிவும் மிச்சமான தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தப் பாக்டீரியாக் கூட்டம் உருவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும்.

நம்ம ஊரில் கூடுதல் கவனம் ஏன்?

பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. தோல் தொழிற்சாலைக் கழிவால் இங்கே நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்தது. திமிரியில் எல்லாக் கிணறும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கடினத் தண்ணீரில் பொதுவாக பி.ஹெச். அளவு கூடுதலாக இருக்கும். பி.ஹெச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும், ஆக்ஸிஜனோ குறையும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீருக்காக வாங்கிய டி.டி.எஸ். மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்துவிட்டு ‘தண்ணி நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவு செய்யாதீர்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். அம்மோனியாவைத் தனியாகக் காட்டாது. அதற்கென்று சொட்டு மருந்து டெஸ்ட் கிட் தனியாக உண்டு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

நோயா, தண்ணீரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து திணறினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஒன்றிரண்டு மீனுக்கு மட்டும் அறிகுறி தெரிந்தால் நோயாக இருக்கலாம்.

• உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி: ‘இக்’ என்ற ஒட்டுண்ணி

• துடுப்பின் ஓரம் கிழிந்து, அரித்துப்போவது: பாக்டீரியாவால் வரும் துடுப்பழுகல்

• பஞ்சு ஒட்டியதுபோல் இருப்பது: பூஞ்சை

• வயிறு உப்பி, செதில்கள் விரைத்து நிற்பது: உடம்பில் நீர் கோத்த நிலை. இதில் பிழைப்பது கஷ்டம்.

உடனே என்ன செய்யலாம்?

தீனியை ஒன்றிரண்டு நாள் நிறுத்துங்கள். மீன் பட்டினியால் சாகாது. ஏர் பம்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள். 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். மொத்தத்தையும் மாற்றினால் அதிர்ச்சியிலேயே மீன் போய்விடும். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதுதான் பலரும் செய்யும் தப்பு. குளோரின் பட்டால் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாக அலசினால் போதும்.

வெள்ளைப் புள்ளிக்கு என்ன வைத்தியம்?

மார்கழிக் குளிரில் தண்ணீரின் சூடு ஏறி இறங்கும்போது இது எளிதில் வரும். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முதிர்ந்ததும் கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும். 10 முதல் 14 நாள் தொடர வேண்டும்.

கப்பி, மாலி போன்றவற்றுக்கு ஹீட்டர் வைத்து, சூட்டை மெதுவாக 28 - 30 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி, மருந்து சீக்கிரம் பிடிக்கும். லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி 2 கிராம்வரை கல் உப்பும் உதவும். செதில் இல்லாத கெளுத்தி வகைக்கும் செடிக்கும் உப்பு ஆகாது.

அளவு முக்கியம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி விளிம்புவரை பிடிப்பது சுமார் 56 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 45 லிட்டர்தான் இருக்கும். மருந்தை அதற்குத்தான் கணக்கிட வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டவே கூடாது. ஃபில்டரின் பாக்டீரியாவும் சாகலாம். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம். மெத்திலின் ப்ளூவும் ஃபில்டரைக் கெடுக்கும் என்பதால் நோயுள்ள மீனைத் தனி டப்பில் விட்டுக் கொடுப்பதே நல்லது. கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். சில மீன் கிருமிகள் மனிதத் தோலிலும் புண்ணாக்கும்.

விடாமல் மீன்கள் செத்தால், சென்னை மாதவரத்தில் வளாகம் உள்ள தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்கலாம். அடுத்த முறை மீன் வாங்கும்போது, புது மீனை 2 - 3 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நம் கடினத் தண்ணீருக்கு கப்பியும் மாலியும் சுலபமாகப் பழகும். டிஸ்கஸ், டெட்ரா ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.